மூன்று கட்டம் பின்னால்

அன்புள்ள செல்விக்கு,

நீ போய் ஆறு மாதமாகிவிட்டது. உன் நாற்காலியில் இப்போது பிரிண்டர் பேப்பரை அடுக்கி வைத்திருக்கிறோம். மற்றபடி சூலக்கரை அப்படியேதான் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர்கள் விண்ணப்பம் அடிக்க நம் டைப்பிங் கடைக்கு வருகிறார்கள்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் வந்தபோது நீ வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாய். இரண்டாம் வருஷம் விபத்து. வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டில் தனியே விட மனமில்லாமல் உன்னைக் கடைக்குக் கூட்டி வந்தேன்.

விண்ணப்பங்களை வேர்டில் பூட்டி வைத்திருந்தோம். சாம்பல் நிறக் கட்டங்களில் மட்டும் எழுதலாம். நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸைப் பிடித்து, கிளிக் செய்து, திரும்பக் கீபோர்டுக்கு வருவேன். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்தால் என் இடத்தில் நீ. இடது கை மட்டும் ஓடியது. டேப்பைத் தட்டினால் அடுத்த கட்டம். ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் முந்தைய கட்டம். டிக் போட ஸ்பேஸ் பார்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாருமில்ல மதினி. ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தேன். நீங்க எதுக்கு மவுஸுக்கு அம்புட்டுத் தூரம் கைய நீட்டுறீக?”

பிறகு உன்னுடைய விண்ணப்பம், ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு. கேஸ் எதுவும் வராமலிருக்க, வீட்டு அடுப்பில் சுட்டதாகப் போடும்படி கம்பெனியிலிருந்து உன் அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அவரும் அங்கேதானே வேலை பார்த்தார். காலையில் என்னிடம் சொன்னார். ஊனம் ஏற்பட்ட விதம் என்ற கட்டத்தில் ‘வீட்டில் சமைக்கும்போது’ என்று அடித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் மூன்று கட்டம் தாண்டியிருப்பேன். என் கையை விலக்கிவிட்டு ஷிஃப்டையும் டேப்பையும் மூன்று தடவை தட்டினாய். அந்தக் கட்டத்துக்குப் போனதும் பழைய எழுத்து மொத்தமும் கறுத்து நின்றது. அதன்மேல் ஒரு எழுத்து அடித்தால் போதும், எல்லாம் போய்விடும். நீ அடித்தாய்: ‘பட்டாசு ஆலையில் திரி செருகும்போது.’

“செல்வி, உங்க அண்ணனுக்கு வேலை போயிரும்.”

“அன்னைக்கு நான் சோறா பொங்கிக்கிட்டிருந்தேன் மதினி?”

பிரிண்ட் எடுத்தேன். அட்டை வந்தது. உன் அண்ணனுக்கு வேலை போனது. விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை தூக்கப் போனார். ஐந்து மாதம் உன்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் அதை எப்படித் தாங்கினாய்? நான் கேட்டதே இல்லை. நான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளத்துக்கு டைப் அடித்தாய், அப்போதும் கேட்கவில்லை. மஞ்சள் காமாலை ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் அதே அட்டைக்கு ஒரு பெண் கழுத்தெல்லாம் தீக்காயத்தோடு வந்தாள். “அடுப்புன்னு போடுங்கக்கா” என்றான் கூட வந்த புருஷன். நான் மவுஸைத் தொடவில்லை. டேப்பில் அந்தக் கட்டத்துக்குப் போய் நிறுத்தி, அவளைப் பார்த்துக் கேட்டேன்: “நீ சொல்லு தாயி. என்ன நடந்துச்சு?”

அவள் புருஷனைப் பார்த்தாள். “அடுப்புதான்க்கா.”

அப்படியே அடித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்திருக்க வேண்டும் செல்வி?

ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். கூட வந்தவர் சொல்வதைக் கேட்டு அந்தக் கட்டத்தை இனி நிரப்ப மாட்டேன். காயம் பட்டவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பேன், வெளியே வரிசை எவ்வளவு நீண்டாலும்.

உன் மதினி,
சரோஜா