பீலியில் அறுபத்தொரு டிகிரி

ஜனவரி 9, புதன்

உறைபனி. பள்ளத்து மலைத் தேயிலைக் கொழுந்து முழுவதும் கருகல். கா. 5.30: வெளிக்காற்று 37 பாரன்ஹீட், பீலித் தண்ணீர் 61. மா. 5.30: வெளி 58, பீலி 61.

மே மாதத்திலிருந்து இதே 61தான். ஓரிரு நாள் 60½. மழை, வெயில், பனி எதற்கும் அசைவதில்லை. பனிக்காலத்தில் ஊற்றிலிருந்து விழும் இந்தப் பீலி சுடும், வெயில் காலத்தில் குளிரும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். தண்ணீர் மாறுவதே இல்லை. நம் தோல்தான் மாறுகிறது.

இன்று காலை ஊற்றுக் குழியில் ஆவி. எனக்குப் பின்னால் ஒன்பது பெண்கள். வாளி, குடம், சிலர் இடுப்பில் பிள்ளை. நான் அளந்து முடிக்கும்வரை யாரும் தண்ணீரில் கை வைப்பதில்லை. அரைமணி நேரம் குழி கலங்காமல் கிடக்க வேண்டும் என்பது எஞ்சினியர் குணரத்தினம் சாரின் கட்டளை. அதற்காக மே மாதம் லயத்தில் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கிக் கேட்டுக்கொண்டவன் நான். எட்டு மாதமாக நிற்கிறார்கள்.

மாரியாயி அக்கா: "என்னடா தம்பி, தண்ணிக்குக் காய்ச்சலா? தெனம் குச்சி வச்சுப் பாக்குற."

எல்லோரும் சிரித்தார்கள். போன வாரம் இப்படி நின்றதில் அவள் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பிந்திவிட்டாள். கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பினார். ஒரு நாள் பேர் போயிற்று, கூலியும். இன்றும் வந்து நிற்கிறாள்.

வரிசைக் கடைசியில் என் அக்கா செல்லம்மா. குழந்தைக்கு மூன்றாம் மாதம். முதல் பிள்ளை போன ஜனவரியில் பிள்ளைக் காம்பராவில் சளி கட்டிப் போய்விட்டது. தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுப்போகிற இடம். சிமெந்துத் தரை, தகரக் கூரை, சன்னலுக்குச் சாக்கு.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு தீர்ந்துவிட்டது.

ஜனவரி 10, வியாழன்

கா. வெளி 39, பீலி 61. காற்று.

எஞ்சினியர் சனிக்கிழமை வருகிறாராம். தாள்கள் எல்லாவற்றையும் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். ஆறு கட்டம்: தேதி, நேரம், வெளிக்காற்று, தண்ணீர், நிமிடத்துக்கு எத்தனை வாளி, அந்நேரம் நீர் எடுப்போர். வாளி நாலு, எப்போதும் நாலு. கடைசிக் கட்டத்தில் பூஜ்யம், எப்போதும் பூஜ்யம். கை மரத்துப் போனது.

துரை பங்களாவில் சமைக்கும் அப்பு முத்தையா அண்ணன் வந்தார். எஞ்சினியர் கொண்டுவரப் போகிற ஹீட் பம்ப் என்றால் என்ன என்று கேட்டார். எஞ்சினியர் எனக்குச் சொன்னதையே சொன்னேன். பங்களா ஐஸ்பெட்டிக்கு உள்ளே குளிர், முதுகுப் பக்கம் சூடு. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுகிறது. இந்த யந்திரமும் அதேதான். பீலித் தண்ணீரிலுள்ள சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும். காற்றில் எடுத்தால் பனி நாளில் எடுக்க ஒன்றும் இராது. நிலத்தடித் தண்ணீர் அப்படி இல்லை, வருஷம் பூராவும் ஒரே சூடு. மின்சாரம் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் டர்பைனிலிருந்து.

முத்தையா அண்ணன் யோசித்தார். "அதான் தொரசாணியோட பூன பொட்டிக்குப் பின்னாலயே படுத்துக் கெடக்கு. எஞ்சினியருக்கு முந்தியே அது கண்டுபிடிச்சிருச்சு."

நன்றாகச் சிரித்தேன். யந்திரம் முதலில் பிள்ளைக் காம்பராவுக்குத்தான் என்றதும் அவர் சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா?" என்றார். எஞ்சினியர் என்றேன். பீடி பற்றவைத்தார்.

ஜனவரி 12, சனி

மழைத் தூறல். கா. வெளி 46, பீலி 61.

எஞ்சினியர் கு. சார் வந்தார். கொழும்புக் கார், சேறு. ஸ்டோர் ஆபீசில் என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எதிரில் நான், காலில் ஒழுகும் சப்பாத்தோடு.

"உம்மட எழுத்து அச்சு மாதிரி இருக்கு, தம்பி. கொழும்பில என்ர ஆபீஸ் பெடியளிட்ட இந்த ஒழுங்கு இல்லை."

வயிற்றுக்குள் இனித்தது, இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மே மாதம் அவர் கைத்தடியால் பிள்ளைக் காம்பராவைக் காட்டி "முதல் சூடு அங்க போகும்" என்று சொன்னதை ஞாபகப்படுத்தினேன். தலையாட்டினார். ஆமென்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அடுத்த பனிக்கு இந்தப் பிள்ளை சூட்டில் தூங்கும் என்று. அவள் குழந்தையின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 14, திங்கள். பொங்கல்

வெயில். கா. வெளி 41, பீலி 61. லீவு நாளிலும் பெண்கள் நின்றார்கள். இன்று வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை எனக்கு.

பத்து மணிக்கு எஞ்சினியரின் ஆட்கள் இரண்டு பேர் முளை அடிக்க வந்தார்கள். சிவப்புச் சாயம் பூசிய முளைகள். ஊற்றுக் குழியில் முதல் முளை. அங்கிருந்து பிள்ளைக் காம்பரா இடது கைப் பக்கம், ஐம்பது அறுபது அடி. அவர்கள் வலப்பக்கம் திரும்பி மேட்டில் ஏறினார்கள்.

தப்பான பக்கம் என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர்கள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒருவன் படத்தை விரித்துக் காட்டினான். கோடு பங்களாவில் முடிகிறது.

ரோஜாப் பாத்தி வரைக்கும் முளைகளை எண்ணிக்கொண்டே போனேன். இருபத்திரண்டு. கடைசி முளை விருந்தாளி அறை சன்னலுக்குக் கீழே. முத்தையா அண்ணன் குசினி வாசலில் நின்று பார்த்தார். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பொங்கல் இறங்கவில்லை. பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 15, செவ்வாய்

கா. வெளி 38, பீலி 61.

கு. சாரிடம் கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை அவர். அது இன்னும் மோசம். டைப் அடித்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார், படிக்கச் சொன்னார். என் ஆங்கிலம் இதற்குப் போதும்.

எட்டுப் பக்கம். என் எண்கள் எல்லாம் இருக்கின்றன, என் பேர் இல்லை. பிள்ளைக் காம்பரா என்ற சொல்லே இல்லை. ஆறாம் பக்கத்தில் ஒரு வரி: எட்டு மாதப் பதிவின்படி அதிகாலையில் இந்த ஊற்றில் எவரும் நீர் எடுப்பதில்லை, ஆகவே எவருக்கும் இடைஞ்சல் இல்லை.

இரண்டு தடவை படித்தேன்.

நிற்கச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாது. பூஜ்யம் போட்டது நீர்தானே."

பிறகு சமாதானம். கம்பெனி பணம் போடுவது பங்களாவுக்குத்தானாம். துரைசாணிக்கு மூட்டு வலியாம். அங்கே நன்றாக ஓடினால் ஒரு காலத்தில் மற்ற இடத்துக்கும் வரலாமாம். "தண்ணியை நான் கேக்கேல்லை, தம்பி. சூட்டை மட்டுந்தான் எடுக்கிறன். தண்ணி அப்பிடியே உங்கட லயத்துக்குத் திரும்பி வரும்."

எத்தனை டிகிரியில் என்று கேட்டேன்.

"ஐம்பது, ஐம்பத்தொண்டு."

பத்து டிகிரி. நாங்கள் வருஷத்தில் மூன்று மாதம் பிழைத்துக் கிடப்பது அந்தப் பத்து டிகிரியில். விறகு கிடையாது. பச்சைப் பிள்ளையைக் கழுவுகிற தண்ணீர். அதைத்தான் மேட்டுக்கு ஏற்றப் போகிறார்கள், விருந்தாளி கால் நீட்டிப் படுக்க.

ஜனவரி 16, புதன்

மேகம். கா. வெளி 44, பீலி 61. ஏன் இன்னும் அளக்கிறேன் என்று தெரியவில்லை.

கு. சார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கொழும்பு ஆபீசில் இடம் பார்ப்பதாக முன்பு சொன்னாரே, அதற்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டுமாம். எங்கள் வீட்டு மனு தள்ளுபடியானது அவருக்கு மே மாதமே தெரியும், நானே சொன்னதுதான். அதற்குப் பதிலாக இங்கேயே யந்திர அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதச் சம்பளம், பெரட்டு கிடையாது, பங்களாப் பின்கட்டில் காம்பரா. யோசித்துச் சொல்லும் என்றார்.

யோசித்தேன். மத்தியானம் வரைக்கும் யோசித்தேன். யாரும் பார்க்காத நோட்டு, அதனால் எழுதி வைக்கிறேன். காய்ந்த சப்பாத்து, சூடான அறை, மேசை. இரண்டு மணி வரைக்கும் மனசுக்குள் அந்த அறையில் குடியிருந்துவிட்டுத்தான் வந்தேன்.

யூனியன் தலைவரைப் பார்க்கப் போனேன். தோட்டத்தில் எங்களுக்காகப் பேச வேண்டியவர். முழுவதும் கேட்டார். பிறகு, "தண்ணி வரும்ல? வராட்டிச் சொல்லு, பேசுவோம். சூட்டுக்கெல்லாம் எப்படிய்யா ஸ்ட்ரைக் பண்றது?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போன மாதம் துரையின் காரில் இவர் நுவரெலியா போனதை ஊரே பார்த்தது.

கிராம்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 17, வியாழன்

கா. வெளி 36. இந்தப் பனிக்காலத்தில் இதுதான் குறைவு. பீலி 61.

மத்தியானம் கு. சார் கார் ஏறினார். வேலை வேண்டாம் என்று சொன்னேன். தோளைத் தட்டிவிட்டு, தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி, பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். தாள்கள் அவருடையவை. வெற்றுத் தாள் ஒன்று மட்டும் என் நோட்டுக்குள் தங்கிவிட்டது. அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. மாசி கடைசியில் யந்திரம் வருமாம்.

சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யந்திரம், பங்களா, பத்து டிகிரி. பூஜ்யத்தைச் சொல்லத்தான் நேரமாயிற்று.

திட்டுவாள் என்று இருந்தேன். குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"நாங்க நின்னோம்ல. பனியில நின்னோம்ல. கொழுந்து கொறஞ்சா கணக்கப்புள்ள கூட அரப்பேராவது போடுறாரு. நீ அதுவும் போடலியே, தம்பி."



ஜனவரி 18, வெள்ளி

உறைபனி. வேலை இல்லை, ஆனாலும் ஐந்தரைக்கே போனேன்.

நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்பது பேரும். வாளிகள் காலி. ஆவி பறக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில், சேலையைக் காதோடு சுற்றிக்கொண்டு. அக்காவுக்கு எல்லாம் தெரியும், அவளும் கடைசியில் நின்றாள். மற்றவர்களிடம் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான் என்று விட்டிருக்கிறாள்.

மாரியாயி அக்கா என் கையைப் பார்த்தாள். "குச்சி எங்கடா? மறந்துட்டியா? போய் எடுத்துட்டு வா, நிக்கிறோம்."

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பூஜ்யத்தையும். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மாரியாயி அக்கா என் காலுக்குப் பக்கத்தில் துப்பினாள். பிறகு வாளியைக் குழிக்குள் விட்டாள். மற்றவர்களும் விட்டார்கள். என் முதுகை இடித்துக்கொண்டு போனார்கள்.

நோட்டிலிருந்து அந்த வெற்றுத் தாளை எடுத்தேன். குந்தி, முழங்காலில் வைத்து எழுதினேன். கட்டம் போதவில்லை, பின்பக்கமும் போயிற்று. இன்று ராகலை போஸ்டாபீசில் போட வேண்டும், ஒரு பிரதி கொழும்பில் கு. சாருக்கு, ஒரு பிரதி துரைக்கு. ஒன்றும் ஆகாது என்று தெரியும். இங்கேயும் எழுதிக்கொள்கிறேன்:

ஜன. 18. கா. 5.40. வெளிக்காற்று: தெர்மாமீட்டர் இல்லை, புல்லில் பனி. தண்ணீர்: கைவிட்டுப் பார்த்தது, சூடு. நிமிடத்துக்கு வாளி: நாலு. அந்நேரம் நீர் எடுப்போர்: மாரியாயி, பாக்கியம், ராமாயி, காளியம்மா, முனியம்மா, லெட்சுமி, செவனம்மா, பேச்சி, செல்லம்மாவும் அவள் பிள்ளையும். பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.