ஆரஞ்சுத்தோல் வெண்பொடி

என்னங்க,

என் துணியில் ஒட்டிவரும் ரசாயன நெடி தாங்காமல் நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போன பிறகு, உங்கள் இருமல் குறைந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

ஆய்வகத்தில் இப்போது அந்தப் பழைய ரசாயனங்களுக்குப் பதிலாக, ஆரஞ்சுத்தோல் கொதித்த சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து, உலையில் சுட்டு, நுண்பொடி எடுக்கிறோம். குடுவையைச் சாய்த்தால் மேகம்போல் நகர்கிறது.

இன்று அதைச் சாயப்பட்டறைக் கழிவுநீரில் கலந்து ஜன்னலோர வெயிலில் வைத்தேன். நீலம் கொஞ்சங்கொஞ்சமாக வெளுத்தது. பிற்பகலில் தெளிந்த நீருக்குள் ஜன்னலின் பிம்பம் மிதந்தது.

கிளம்பும்போது காவலாளி, "என்னம்மா, உள்ள பழக்கடை வச்சிருக்கீங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையை முகர்ந்து பார்த்தேன். பழத்தோல் வாசனைதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் தலையணைக்கு உறை மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரி