வசந்தியின் படிப்புக் கடன்

வெள்ளி இரவு.

என் மனைவி வசந்திக்குக் கம்யூனிட்டி காலேஜில் மனநல ஆலோசனைச் சான்றிதழ் படிக்க ஆசை. என் சம்பளத்தைக் காட்டித்தான் பேங்க்கில் கடன் வாங்க வேண்டும். இந்த வளைகுடா நாட்டில் வேலை போனால், கடனைத் தீர்க்காமல் ஊருக்குக் கிளம்ப முடியாது. படித்தபின் என்ன வருமானம் வரும் என்று எதிர் ஃபிளாட் சேது அண்ணனைக் கேட்டேன்.

"அடுத்தவன் அழுகையைக் கேக்கறதுக்கு எவன்யா காசு தருவான்?" என்றார். பிறகு வராத தூக்கம், முறைக்கும் மேனேஜர், பேசாத மகன் என்று எல்லாவற்றையும் வசந்தியிடம் கொட்டி, மூக்கைச் சிந்தி, மூன்று டீ குடித்துவிட்டு, "நாளைக்கும் வரேம்மா" என்று கிளம்பினார்.

"பாத்தீங்களா, ஆளு வராங்கல்ல?" என்றாள் வசந்தி.

"டீக்காசுகூடத் தேறலையே."

வெள்ளி, சனி லீவு முடிந்து ஞாயிறு ஆபீஸ் திறந்ததும் சம்பளச் சான்றிதழ் கேட்கப் போகிறேன். கடன் வந்தால் என் தூக்கம் போகும். புலம்பலைக் கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறாள்.