எலிக்குட்டி எதைக் கடித்தாள்

அன்புள்ள எலிக்குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். வியாழக்கிழமை போனில் குரல் அவ்வளவு தெம்பாக இருந்தது. "வேலைய விட்டுட்டு வீட்ல இரு, புள்ளைக்கு அம்மா வேணும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, கிரேனில் ஏற நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். நீங்களும் "சரி சரி, அழாத" என்று முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன், கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

நான் வேலைக்குப் போகும்போது அவளை விடும் குழந்தைகள் காப்பகத்தில் உங்களுக்குச் சொன்னது பாதிக் கதை. நம் மகள் இரண்டு வாரத்தில் மூன்று பிள்ளைகளைக் கடித்துவிட்டாள் என்பது உண்மை. ஒருவனுக்குக் காது, இன்னொருவனுக்குக் கழுத்து, ஒரு சின்னப் பெண்ணுக்குத் தோள். மாதத்துக்கு ஒரு முறை வரும் ஆலோசகர் அம்மாவிடம் காட்டினார்கள். அவர் பத்து நிமிஷம் எதிரே உட்கார்ந்து, கையில் ஒரு ரப்பர் வளையத்தைக் கொடுத்துப் பார்த்தார். அவள் அதை வாயில் வைத்தாள். வேறு எங்கே வைப்பாள்? உடனே, குழந்தை 'வாய்நிலைப் பருவத்திலேயே தேங்கி நிற்கிறது' என்று அறிக்கை எழுதிவிட்டார்.

அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "பொறந்ததுலேருந்து ஒண்ணரை வயசு வரைக்கும் குழந்தைக்கு எல்லாமே வாய்தாம்மா. அப்ப குறை வெச்சா அது அங்கயே நின்னுடும். இப்ப கடிக்கும், பெரிசானா நகம் கடிக்கும், சிகரெட் பிடிக்கும்" என்றார். இருபத்திரண்டு மாதக் குழந்தை சிகரெட் பிடிக்கப்போவதுவரை பார்த்துவிட்டார்! உங்களுக்கு மூன்று வயதுவரை பால் கொடுத்ததை அத்தை வாய் ஓயாமல் சொல்வார்கள். சதை தெரியும்வரை நகத்தைக் கடிப்பது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அறிக்கையோடு கொடுத்த படிவத்தில் தாய்ப்பால் எப்போது நிறுத்தப்பட்டது என்று ஒரு கேள்வி. 'ஐந்தாம் மாதம்' என்று உள்ளதை எழுதினேன். அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டார்கள். மாதக் கடைசிக்குள் நான் மூன்று மாத விடுப்பு போட்டுக் குழந்தையோடு வீட்டில் இருக்க வேண்டுமாம், இல்லையென்றால் அவளை நிறுத்திவிடுவார்களாம். விடுப்பு போட்டால் அடுத்த மாதம் எனக்கு வரவேண்டிய பரிசோதகர் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். மேற்பார்வையாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆறு வருஷம் தையல் ஆலையில் நின்றுகொண்டே நூல் பிசிறு வெட்டிய பிறகு கிடைக்கிற நாற்காலி அது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். காப்பகப் பொறுப்பாளர் போன் செய்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆமாங்க, அவ சீக்கிரமே பால நிறுத்திட்டா." அதை அந்த அம்மா என்னிடம் அப்படியே சொன்னார். நிறுத்தினேனா? நானா? பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேனே, மாரில் சொட்டுப் பால் இல்லாமல் குழந்தையும் நானும் சேர்ந்து அழுதோமே, அப்போது பக்கத்தில் இருந்தது யார்? முதல் புட்டிப்பாலைக் கலக்கியது நீங்கள். சூடு பார்க்கிறேன் என்று நாக்கைச் சுட்டுக்கொண்டு இரண்டு நாள் மோர் குடித்தது நீங்கள். அதற்கு அடுத்த வாரம்தான் ஊரைவிட்டுப் போனீர்கள். அதற்குள் மறந்துவிட்டதா? படித்தவர்கள் சொன்னதும் தலையாட்டத் தோன்றியதே தவிர, வீட்டில் நடந்தது நினைவுக்கு வரவில்லை. எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன்.

நேற்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, காப்பகத்தில் கை கழுவும் இடத்து ஜன்னலோரம் அவளுக்குத் தெரியாமல் நின்று பார்த்தேன். ஒரு பையன் தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். நம் எலிக்குட்டி அவன் பின்னால் போய் நின்றாள். சட்டைக் காலரை விரலால் தடவினாள். தொங்கிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்து, குனிந்து, பல்லால் நறுக்கென்று வெட்டினாள். நூலை உள்ளங்கையில் துப்பிக் கவுன் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அவன் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள்.

அது நான். ஒரு சட்டை முடிந்ததும் பிசிறைக் கடித்துப் பையில் போட்டு, இரண்டு தட்டு தட்டி அடுத்த மேசைக்குத் தள்ளுவேனே, அதே மாதிரி! பல்லால் கடிக்கக் கூடாது என்று மேசைக்கு மேசை கத்தரிக்கோல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பழகிய வாய் கேட்பதில்லை. வீட்டில் கிழிசல் தைக்கும்போதும் அப்படித்தான், மடியில் அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அடுத்த பிள்ளையின் சட்டைக்குப் போனாள். அந்தப் பிள்ளை வெடுக்கென்று திரும்பியதில் பல் காதில் பட்டது. ஆயா "கடிச்சுட்டா, கடிச்சுட்டா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

சிரித்தேன், அழுதேன், பிறகு கோபம் வந்தது. இத்தனை நாளாக அவள் கவுனைத் துவைக்கும்போது பையிலிருந்து நூல் நூலாக வரும். என் உடுப்பிலிருந்து ஒட்டியது என்று நினைத்தேனே, என்ன கண் இது! இது என் குற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் எழுதிவைத்த குற்றம் இது இல்லை.

அவள் கவுன் பையைக் கவிழ்த்துப் பொறுப்பாளர் மேசையில் ஆறு நூலைக் கொட்டினேன். அவரும் சிரித்துவிட்டார். பிறகு அறிக்கையைப் பார்த்து, "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா அப்பாவே ஒத்துக்கிட்டாரே" என்றார். உங்கள் ஒரு "ஆமாங்க" முன்னால் ஆறு நூலும் எடுபடவில்லை.

அந்தப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அடியில் 'தந்தையின் கருத்து' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. நான் நல்ல அம்மா என்று எழுத வேண்டாம். முதல் புட்டிப்பாலைக் கலக்கியது நான், ஏன் கலக்கினேன் என்றால் இதனால், என்று உங்கள் கையெழுத்தில் எழுதி, கடிதம் கிடைத்த அன்றே அனுப்புங்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஆலோசகர் அம்மா வருகிறார். அன்றைக்கு நானும் போய் உட்காரப் போகிறேன். வேலையை விடமாட்டேன்.

இனி வீட்டில் கத்தரிக்கோல்தான். இன்று காலை அவள் எதிரில் வெட்டிக் காட்டினேன். என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

உயரத்தில் ஏறும்போது பெல்ட்டைச் சரியாக மாட்டுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் விட்டுப்போன நீலச் சட்டையில் காலர் பிரிந்து நூல் தொங்குகிறது. அதை நான் வெட்டாமல் வைத்திருக்கிறேன். வரும்போது அதைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருங்கள். உங்களை அவளுக்கு அடையாளம் தெரியாது, அதனால் நேரமாகும். திரும்பாதீர்கள், பயப்படாதீர்கள். முதுகில் இரண்டு தட்டு விழும்வரை அப்படியே இருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத,
எலிக்குட்டியின் அம்மா