பதிமூன்றாம் தேதி லாரி

3-1-1967, செவ்வாய்

கிணற்றில் இன்றும் இரண்டு வேட்டு. சத்தம் ராஜகிரி மலையில் பட்டுத் திரும்பியதோடு சரி, தண்ணீர் இல்லை. நாற்பத்தெட்டு அடியிலும் பாறைதான். கிணறு வெட்டப் பஞ்சாபிலிருந்து மெஷினோடு வந்திருக்கும் பல்வந்த் சிங், பாறை துளைக்கும் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஒரு கல்லை இவரிடம் காட்டி இந்தியில் என்னவோ சொன்னார். இவர் எல்லாம் புரிந்தவர் போலத் தலையாட்டினார்.

சாப்பிடும்போது இவர் சொன்னது: "இந்தத் தையிலயும் தண்ணி வரலைன்னா நெய்வேலிக்கு வேலைக்குப் போயிடறேன், கமலா."

இரண்டு வருடமாய் மழை இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நான் போக முடியாது. இவர் அங்கே, நான் இங்கே என்றாகிவிடும்.

5-1-67

சிங்கின் மனைவி சுர்ஜீத், நம் பக்கத்து அறைக்குக் குடிவந்த வாரமே என் அஞ்சறைப்பெட்டிக் கடுகில் ஒரு பிடி வாங்கிப் புழக்கடையில் தூவினாள். அது இப்போது முழங்கால் உயரம். தாளிக்கிற சாமானைக் கீரையாக வளர்க்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்! கேட்கலாமென்றால் பாஷை இல்லை. உருது தெரிந்த அடுத்த வீட்டு முன்னி, நோன்புக்காக அனந்தபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் கை ஜாடைதான்.

8-1-67, ஞாயிறு

சிங் காலண்டரில் பதிமூன்றைத் தொட்டு "லோரி, லோரி!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. வடக்கே லாரியை அப்படித்தான் சொல்வார்கள் போல. அந்த மெஷின் வந்ததும் லாரியில்தானே? பதிமூன்றாம் தேதி அதை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இவர் முகம் சுண்டிவிட்டது. உள்ளே வந்து, "கிணறு பாதியில நிக்குது. இன்னா சிரிப்பு வேண்டிக்கிடக்குது அந்தாளுக்கு?" என்றார்.

எனக்கும் எரிச்சல்தான். போகிறவர் போகட்டும். சிரிக்காமல் போகலாமே!

10-1-67

சுர்ஜீத் வெல்லம், எள், பொரி, தோலோடு மல்லாட்டைக் கடலை எல்லாம் வாங்கிவந்திருக்கிறாள். வழியில் கொறிக்கவா?

12-1-67, வியாழன்

கடுகுச் செடி முழுவதையும் பறித்துவிட்டாள். கிளம்புகிறவள் எதற்கு விட்டுவைப்பாள்? கோபம் கோபமாய் வருகிறது. ஆனால் பஞ்சாப் வரைக்கும் எத்தனை நாள் ரயிலோ. புளி ஊறப்போட்டிருக்கிறேன்.

13-1-67, வெள்ளி

போகி. விடியலில் பழைய பாயைக் கொளுத்தினோம். பிறகு புளிச்சோறு கிளறி, மந்தாரை இலையில் கட்டிக்கொண்டுபோய் சுர்ஜீத்திடம் கொடுத்தேன். கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டது. அவள் மோந்து பார்த்தாள். அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்ன ஆரம்பித்துவிட்டாள்!

"ட்ரெயின்ல, ட்ரெயின்ல" என்று கையால் சக்கரம் சுற்றிக் காட்டினேன். விழித்தாள்.

நல்ல வேளை, மத்தியானம் முன்னி பெருநாள் சேமியாப் பாயசத்தோடு வந்து இறங்கினாள். சுர்ஜீத் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஐயோ டீச்சரக்கா! லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. லோடி! அது இவங்க ஊரு போகி. அஞ்சு நாளா உங்களச் சாப்பிடக் கூப்பிட்டுக்கினு இருக்காராம்."

"அப்போ கிணறு?" என்றார் இவர்.

முன்னி சிங்கிடம் கேட்டுச் சொன்னாள்: "கல்லு ஈரமா வருதாம். இன்னும் நாலடி போனா தண்ணியாம். அன்னிக்கே உங்க கையில சொன்னாராமே?"

"சொன்னாரு. நான் தலையாட்டினேன்."

இவரை வைதுகொண்டே சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!

பொழுது சாய்ந்ததும் வாசலில் தீ மூட்டினார்கள். பொரியும் மல்லாட்டையும் தீயில் போட்டோம், வாயிலும் போட்டுக்கொண்டோம். சுர்ஜீத் ஒரு கை எள்ளை என்னிடம் நீட்டினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "எள்ளைக் கையில குடுத்து வாங்கினா உறவு அறுந்துடும்னு சொல்லு முன்னி" என்றேன். முன்னி சொன்னாள். சுர்ஜீத் ஓடிப்போய் என் முறத்தை எடுத்துவந்து அதில் எள்ளைக் கொட்டினாள். நான் முறத்திலிருந்து அள்ளிப் போட்டேன். தீ படபடவென்று வெடித்தது.

அப்புறம் சாப்பாடு. நான் கேலி பண்ணிய கடுகுக் கீரை! என் சட்டியில், என் மத்தால்தான் கடைந்திருக்கிறாள். சிறு கசப்பு, காரம், இஞ்சி வாசனை. மேலே வெண்ணெய் உருகி வழிகிறது. கூடவே, கையாலேயே தட்டிய மக்காச்சோள ரொட்டியும் வெல்லமும். ரேஷன் கோதுமையில் நான் சுடும் சப்பாத்தியை அவள் இத்தனை நாள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாளோ! இவர் ஐந்து ரொட்டி. நான் நாலு. எழுதிவைக்க வெட்கமில்லை.

மோரும் குடித்தேன், பெரிய லோட்டாவில். இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை.

14-1-67, பொங்கல்

கரும்பை நாம் கடிப்போம். அவள் நேற்றே சாறு பிழிந்து அதில் அரிசியை வேகவைத்து மூடிவிட்டாள். நேற்று யாரையும் தொட விடவில்லை. "மார்கழியில ஆக்கித் தையிலதான் சாப்பிடணுமாம்" என்றாள் முன்னி. காலையில் என் சர்க்கரைப் பொங்கல் சூடாக, அவளுடையது சில்லென்று. இரண்டையும் ஒரே இலையில் வைத்துச் சாப்பிட்டோம். எது நன்றாக இருந்தது என்று இவரைக் கேட்டேன். தலையாட்டினார்.

19-1-67

தண்ணீர்! ஐம்பத்திரண்டு அடி. இவர் வேட்டியோடு கிணற்றுக்குள் நின்று அழுதார்.

2-2-67

நிஜமான லாரி இன்று வந்தது. அடுத்த கிணறு சீயமங்கலத்தில். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். சுர்ஜீத் இந்த முறை பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

13-1-1968, சனி

களத்தில் நெல் காய்கிறது. நெய்வேலிப் பேச்சு இந்த வீட்டில் எழுந்து ஒரு வருடமாகிறது.

ஊருக்குத் திரும்பிவிட்ட சுர்ஜீத்திடமிருந்து, லூதியானாவிலிருந்து, நேற்றுப் பார்சல் வந்தது. மக்காச்சோள மாவு, ஒரு பொட்டலம் கடுகு, தனியாகத் துணியில் முடிந்த எள். கடிதம் இல்லை. தபால்காரர் நீட்டியதை இவர்தான் வாங்கிப் பிரித்தார்.

"பாரு கமலா, எள்ளைத் தபால்ல அனுப்பியிருக்குது அந்தப் பொண்ணு. கையில குடுக்கக் கூடாதுன்னு ஞாபகம் வச்சிருக்குது."

நான் முறத்தை எடுத்துவந்து அதில் எள்ளைக் கொட்டினேன்.

புழக்கடையில் நான் தூவிய கடுகு நன்றாக வளர்ந்திருக்கிறது. பறித்து அலசி வைத்துவிட்டேன். முன்னிக்கும் சொல்லியாயிற்று: சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் லாரி.