கணக்கு டீச்சரின் தோள்

3-ஆம் தேதி, இரவு

அன்புள்ள வாயாடிக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கு வேண்டாம், என் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உங்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. பெரியம்மா வீட்டில் ஒளிந்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு முறை போய்க் கதவை உடைத்தார். பெரியப்பாவுக்கு முன்பல் இரண்டு போயிற்று. குடும்பச் சண்டை என்று போலீஸில் எழுதிக்கொள்ளவில்லை. அந்தப் பற்களை நான்தான் விழுங்கிவிட்டதுபோல பெரியம்மா என்னைப் பார்க்கிறாள்.

நான் நன்றாக இருக்கிறேன். அப்பா பட்டறையில் வண்டிக்கு ஒடுக்கு எடுப்பார், வீட்டில் ஒடுக்கு வைப்பார் என்று அம்மா சொல்வாளே, இப்போது வைப்பதற்கு ஆள் நான்தான். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு காது மட்டும் இரைகிறது. இதை அம்மாவிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். இந்தத் தடவை தோளோடு விடமாட்டார். "நீ போம்மா, நான் பரீட்சை முடிச்சிட்டு வர்றேன்" என்று அவளைத் தள்ளி அனுப்பியதே நான்தான்.

பதிலை வீட்டுக்கே எழுது. பள்ளிக்கூடத்துக்கு எழுதினால் தலைமையாசிரியை பிரித்துப் படித்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார். அம்மாவைப் பற்றி எழுதும்போது ‘கணக்கு டீச்சர்’ என்று எழுது. அப்பா பார்த்தாலும் ஒன்றும் புரியாது.

தோள் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

உன்
குச்சி

10-ஆம் தேதி

அன்புள்ள குச்சிக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். நீ இரண்டே பக்கம் எழுதியிருக்கிறாய், கஞ்சப் பிசினாறி.

இங்கே சீருடை தைக்கிற சமயம். மாடியில்தான் குடியிருக்கிறோம், ஆனால் கடையே மேலே ஏறி வந்துவிட்டது. படுக்கையில் காலர், சோற்றுத் தட்டில் நூல். என் அம்மா தூக்கத்தில்கூடக் காலால் மெஷின் மிதிக்கிறாள்.

கணக்கு டீச்சருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. நேற்று முதல்முறையாகக் கையைத் தலைக்குமேல் தூக்கித் தானே ஜடை பின்னிக்கொண்டார். முடித்ததும் அழுதார். "வலிக்குதா டீச்சர்?" என்றேன். "இல்லடி, கோணலா வந்திருக்கு" என்றார். பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பரீட்சை முடிந்ததும் கட்டாயம் வா. பஸ் ஸ்டாண்டில் கடைப் பெயரைச் சொன்னால் யாரும் வழி காட்டுவார்கள். பக்கவாட்டில் இரும்புப் படி இருக்கும், ஏறி வந்துவிடு.

உனக்காகக் காத்திருக்கும்
வாயாடி

17-ஆம் தேதி, இரவு பதினொன்று

வாயாடி,

இதைப் படித்த நிமிடமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அப்பா அங்கே வந்துகொண்டிருக்கிறார். என்னையும் கூட்டி வருகிறார்.

உன் கடிதத்தை எனக்கு முன்னால் அவர் எடுத்துவிட்டார். நேற்று இரவு சாப்பிடும்போது சத்தமாகப் படித்தார். நன்றாகச் சிரித்தார். "உங்க கணக்கு வாத்தியார் ஸ்கூட்டருக்கு நான்தானே ஒடுக்கு எடுத்தேன். அந்தாளுக்கு எப்பம்மா ஜடை முளைச்சுது?" என்று கேட்டார்.

நீ இங்கே படித்தபோதும் அதே சார்தான் கணக்கு எடுத்தார். எப்படி மறந்தோம்? இரண்டு பேரில் ஒருத்திக்காவது தோன்றியிருக்கக் கூடாதா?

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கட்டு எங்கன்னு அவ எழுதல. இடது தோளு. எனக்குத் தெரியாதா?" என் இடது கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். சுண்டுவிரலைத் தகடு வளைப்பதுபோல மெதுவாகப் பின்னால் வளைத்தார். முறிந்த சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். "சிநேகிதியப் பாக்க ஆசையா இருக்குன்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

இன்று காலையிலிருந்து காரில் வருகிறோம். முன் சீட்டில் என்னை உட்காரவைத்து, விரலுக்குத் துணி சுற்றிவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பார்ப்பவர்களுக்குச் சுற்றுலா போகிற அப்பாவும் மகளும். என் கால்மாட்டில் பட்டறையின் கடப்பாரை இருக்கிறது. அம்மாவின் பழைய துண்டில் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்திருக்கிறார். பள்ளம் வரும்போதெல்லாம் அது என் பாதத்தில் உருள்கிறது.

பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவருடைய வண்டி எங்கள் கண்ணாடியில் லேசாக உரசிவிட்டது. அந்த ஆள் இறங்கி வந்து, "மன்னிச்சிருங்கண்ணே, கவனிக்கல" என்றார். வயதில் அப்பாவைவிடப் பெரியவர், பயத்தில் அண்ணே என்றார். அப்பா அவருடைய கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். திறந்தார். மறுபடி சாத்தினார். அவர் முதல் தடவைதான் கத்தினார். கூட்டம் வருவதற்குள் கிளம்பிவிட்டோம். கொஞ்ச தூரம் போனதும், "பசிக்குதா கண்ணு?" என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். தின்றேன். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாளைக்கு அவருடைய திட்டம் இதுதான். காரைத் தெருமுனையில் நிறுத்துவார். நான் முதலில் படியேறி உன்னைக் கூப்பிடவேண்டும். என் குரல் கேட்டால் அம்மா ஓடிவந்து கதவைத் திறப்பாள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

அதனால் நான் கூப்பிடும்போது அந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. உன் அம்மாவும்தான்.

இது லாட்ஜின் பாத்ரூம். அறையில் கொண்டி உள்ள கதவு இது ஒன்றுதான். விரிப்பு மாற்ற வந்த அக்கா என் விரலைப் பார்த்துவிட்டார். அப்பா கீழே போன நேரத்தில் காதோடு சொன்னார்: "பாப்பா, ரெண்டு மணிக்குப் பேப்பர் வண்டி அந்த ஊருக்குத்தான் போகுது. ஓட்டுறது என் தம்பி. எழுதி இந்த ஜன்னல் வழியா போடு, கீழதான் துணி துவைச்சுக்கிட்டு இருப்பேன்." இப்போதும் கீழே இருக்கிறார். வாளிச் சத்தம் கேட்கிறது.

விடியும்போது கடிதம் உன் கையில் இருக்கும். நாங்கள் வர மத்தியானம் ஆகிவிடும்.

என்னை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அம்மா அடம்பிடிப்பாள். இழுத்துக்கொண்டு போ. நான் நன்றாக இருக்கிறேன் என்றால் நம்பமாட்டாள். திட்டினேன் என்று சொல். நீ வந்தால் எனக்குத்தான் அடி விழும், வராதே என்று சொன்னதாகச் சொல். அதை நம்புவாள்.

எங்கே போகிறீர்கள் என்று எனக்கு எழுதாதே. எழுதினால் படிப்பேன், படித்தால் என் முகத்தில் தெரிந்துவிடும். இனி எதுவுமே எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லைடி. உன் கடிதத்தை நான் ஒருமுறைகூடக் கையில் வைத்துப் படிக்கவில்லை, அவர் படித்துத்தான் கேட்டேன். அவர் குரலிலும் அந்த ஜடை விஷயம் நன்றாகத்தான் இருந்தது.

கட்டில் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டார்.

தட்டுகிறார். "உள்ள என்ன பண்ற?" குழாயைத் திறந்துவிட்டேன். இப்போது உள்ளங்கையால் தட்டுகிறார். கொண்டி ஆடுகிறது. அக்கா மேலே பார்க்கிறார். அம்மாவிடம் நான்