சாயங்காலம் பற்றாத மெஷின்

ஜூன் 24
புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இது எண்பத்திரண்டாம் நாள். இன்னும் நாற்பத்தாறு நாள் வாசல் தாண்ட முடியாது.
காலையிலிருந்து சாரல். வீட்டோடு சேர்ந்த கார் செட்டில் போய் நின்றேன். காரே நிற்காத கார் செட், எங்கள் வெல்டிங் பட்டறை. என் வீட்டுக்காரர் இறந்ததோடு பாதியில் நின்றுபோன நாலு ஜன்னல் கிரில் சுவரில் சாய்ந்திருக்கிறது. மெஷின் இருந்த இடம் வெறும் தரை. அவர் மவுத்தான மறுவாரமே உவைஸ் அண்ணன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். "அதப் பாத்துப் பாத்து நீ அழுவ, அதான்" என்றான். இப்போது அந்த இடத்தைப் பார்த்து அழுகிறேன்.

ஜூன் 27
எனக்கு ஒரு வெல்டிங் மெஷின் வேணும் என்று அண்ணனிடம் போனில் சொன்னேன். சிரித்தான். "பட்டறையப் பூட்டிட்டு செங்கோட்டைக்கு வா. எங்களோட இரு. பொம்பள நீ தீயப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறியாக்கும்?"
கடைசி மூணு வருசம் அவருக்குக் கண் மங்கிப்போச்சு. கிரில் எல்லாம் ஒட்டினது நான். வெளியில் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். அவரை யாரும் குறைவாக நினைக்கக் கூடாதே.
அண்ணன் வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்கும். என் வேலை?

ஜூலை 1
பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி மாமி வந்தார். "ஏட்டி, இத்தாவுல இருக்கவ யாசின் ஓதுவா. நீ மெஷின் வெல கேட்டுக்கிட்டிருக்க!" என்று சொல்லிவிட்டு அவரே அண்ணனுக்குப் போன் போட்டு, வாங்கிக் கொடு என்று திட்டினார். கடைசியில் சரி என்றான்.
கடையில் கேட்க வேண்டியதை அண்ணனிடம் சொன்னேன். வீட்டு லைன் சிங்கிள் பேஸ். குற்றாலத்தில் சீசன், சாயங்காலம் லாட்ஜ் எல்லாம் எரியும்போது எங்கள் மேலகரத்தில் கரண்ட் இறங்கிவிடும், அதைத் தாங்கணும். ஒயர் தடியாக இருக்கணும். ரிப்பேர் தென்காசியிலேயே பார்க்கணும். மற்றபடி விலை குறைந்தது போதும்.

ஜூலை 5
அண்ணன் கொண்டுவந்தான். டப்பாவில் இருநூறு என்று பெரிசாகப் போட்டிருக்கிறது.
"நான் சொன்னதெல்லாம் கேட்டியா?"
"இருநூறு ஆம்பியர்ளா! அதுக்கு மேல என்னத்தக் கேக்க?"
ஒயர் டேபிள் பேன் ஒயர் மாதிரி இருக்கிறது. வாங்கித் தந்தவனிடம் எப்படிக் குறை சொல்ல?

ஜூலை 6
பற்றவில்லை. வெல்டிங் ராடு தீப்பொறி விடாமல் கம்பியோடு ஒட்டிக்கொள்ளுது.

ஜூலை 9
இன்றும் அதேதான். வீட்டு வேலை முடிந்து சாயங்காலம்தான் உட்கார முடியுது. ஏழு ராடு வீண். இத்தனை நாள் ஒட்டினது என் கைதானா, இல்ல அவர் பக்கத்துல நின்னதால வந்துச்சா? — போச்சு, எல்லாம் போச்சு. இத்தா முடிஞ்சதும் வாறேன்னு அண்ணன்ட்ட சொல்லிட்டேன்.

ஜூலை 13
விடியற்காலை பஜ்ரு தொழுதபின் தூக்கம் வரவில்லை. கடைசியாக ஒரு தடவை என்று மெஷினைப் போட்டேன். பற்றியது! கோடு நேராகப் போனது. மேலே படிந்த கட்டியைத் தட்டினால் ஒரே தோலாக உரிந்தது.
லாட்ஜ் எல்லாம் தூங்கும் நேரம். கரண்ட் முழுசாக வருது. அவ்வளவுதான் விஷயம்; சாயங்காலத்துக்கு வேறு மெஷின் வேணும். என் கையை எப்படியெல்லாம் திட்டினேன்.

ஆகஸ்ட் 11
முந்தாநாள் இத்தா முடிந்தது. முதலில் போன இடம் தென்காசி மெஷின் கடை. மாமியும் வந்தார். பையில், ஒட்டிப் பார்க்க இரண்டு இரும்புப் பட்டை. வேண்டுமென்றே ஆறு மணிக்குப் போனேன். அங்கும் லைட் மங்கித்தான் எரிந்தது.
"வீட்டுக்காரர் வரலியாம்மா?"
"இல்ல. நான்தான் ஒட்டிப் பாத்து வாங்கணும்."
கடைக்காரர் யோசித்தார். "அண்ணாச்சி, அவள விடும். கட பத்திக்கிட்டா நான் அணைக்கேன்" என்றார் மாமி.
மூன்று மெஷினில் ஒட்டிப் பார்த்தேன். விலை கூடினதில் எனக்கு வேண்டாத பொத்தான்கள். விலை குறைந்ததில் ராடு உடனே ஒட்டிக்கொண்டது. நடுவில் உள்ளதை எடுத்தேன். நூற்றறுபதுதான், ஆனால் தடி ஒயர், மங்கின கரண்டிலும் அணையவில்லை. ஒரு கையில் தூக்கலாம்.

ஆகஸ்ட் 24
அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி எனக்கென்று ஒரு அறையைக் கழுவி வைத்திருந்தாள். நல்ல அறை. ஜன்னலுக்குக் கம்பி இல்லை. டேப்பை எடுத்து அளந்தேன், நாலடிக்கு மூணரை. அண்ணன் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "எப்ப மாட்டுவ?" என்றான்.
வியாழக்கிழமை என்றேன். அஞ்சரை பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.